கார்டு ஸ்லாட்டில் இருக்கிறது, கணினிக்குத்தான் தெரியவில்லை: கடலோர வீடுகளுக்கான செய்முறை

மானிட்டருக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் சுற்றுகிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் மானிட்டரில் 'நோ சிக்னல்'. இல்லாவிட்டால் விண்டோஸ் திறக்கிறது, டிவைஸ் மேனேஜரில் (கணினிக்குத் தெரிந்த கருவிகளின் பட்டியல்) கார்டின் பெயர் மட்டும் இல்லை. உடனே "கார்டு போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபேன் சுற்ற மின்சாரம் வந்தால் போதும். கார்டு மதர்போர்டுடன் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய போர்டு) பேச வேறு கோடுகள் இருக்கின்றன. ஃபேன் சுற்றுவதை வைத்து கார்டு நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது.

கடலூர் தேவனாம்பட்டினம், முதுநகர், புதுச்சேரி வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே சில வருடங்களில் பொரிந்துவிடும். அதே காற்றுதான் கேபினெட்டுக்குள்ளும் போய் வருகிறது. அதனால் இங்கே முதல் சந்தேகம் கார்டின் மேல் அல்ல, கார்டும் ஸ்லாட்டும் (மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம்) தொடுகிற இடத்தின் மேல்.

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர், 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 100 மில்லி, நூல் உதிராத துணி, புதிய பெயிண்ட் பிரஷ், டார்ச், ஒரு சிஆர்2032 பேட்டரி (மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி). கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் தண்ணீர் உண்டு, பெரும்பாலும் கிளிசரினும் உண்டு. பிசுக்கு தங்கிவிடும்.

1. மூடியைத் திறக்கும் முன்

மானிட்டர் கேபிள் எதில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டு கார்டைக் குறை சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கும். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள இன்டெல் பிராசஸரிலும், 'ஜி' இல்லாத ரைசன் 5000 வரிசையிலும் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. அவற்றில் மதர்போர்டு துளையிலிருந்து எப்போதுமே படம் வராது.

படம் வருகிறது, கார்டுதான் தெரியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' திறங்கள். கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43'-உம் இருந்தால் ஸ்லாட் தன் வேலையைச் செய்துவிட்டது, கார்டு தெரிந்துவிட்டது. முதலில் டிரைவரை (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) பாருங்கள்: சேஃப் மோடில் டிடியூ (டிரைவரை நீக்கும் மென்பொருள்) கொண்டு பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கேபினெட்டைத் திறக்கத் தேவையில்லை. 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்தபின் பெயர் மங்கலாகத் தெரிந்தால் அது முன்பு எப்போதோ இருந்ததன் நினைவு, இப்போது இருக்கிறது என்று அர்த்தமல்ல.

படமே வராவிட்டால் மதர்போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கிறதா பாருங்கள். 'விஜிஏ' அணையாமல் நின்றால் நீங்கள் சரியான பக்கத்தைப் படிக்கிறீர்கள். 'டிராம்' நின்றால் பிரச்சினை ராமில், கார்டைத் தொட வேண்டாம்.

2. கழற்றுதல்

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும்.

கணினி ஓடும்போது கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று லேசாக இழுக்கிறதா? அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்-இன் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஃபில்டர் வழியாக ஏறக்குறைய 115 வோல்ட் கேபினெட் தகரத்தில் நிற்கும். ஆளைக் கொல்லும் அளவுக்குக் கரண்ட் இருக்காது, ஆனால் கணினி ஓடும்போது மானிட்டர் கேபிளைச் செருகி எடுத்தால் கார்டின் துளையைச் சுட்டுவிடப் போதும். பழைய வீடுகளில் கார்டை மாற்றுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பவர் கனெக்டர், பின்பக்க ஸ்க்ரூக்கள், கடைசியாக ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கி என்ற வரிசையில் போங்கள். பெரிய கார்டுகளில் கொக்கி கண்ணுக்குத் தெரியாது. ஐஸ்கிரீம் குச்சியால் அழுத்துங்கள், ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் போர்டில் கோடு விழும். கொக்கி விடாமல் இழுத்தால் ஸ்லாட்டே பெயர்ந்து வரும்.

3. துடைத்தல்

கார்டின் அடியில் தங்க நிறப் பற்கள், ஒரு பக்கத்துக்கு 82. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பளபளப்பு மங்கி, வெள்ளைப் படலமோ பழுப்போ பச்சைப் புள்ளியோ தெரியும். தங்கம் துருப்பிடிக்காதே என்று கேட்கலாம். முலாம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கிறது, அதில் ஊசிமுனைத் துளைகள் உண்டு. உப்பு ஈரம் அதன் வழியே அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் தின்கிறது. பச்சை என்பது செம்பு வெளியே வந்து கிடப்பது.

ரப்பரைப் பல்லின் நீளவாக்கில், மேலிருந்து கீழாக, நாலைந்து தடவை லேசாக இழுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், ஒரே தேய்ப்பில் முலாம் போய்விடும், அடுத்த ஐப்பசியில் இதைவிட மோசமாகத் திரும்பும். ரப்பர் துகளைப் பிரஷால் தட்டிவிட்டு, ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, 10 நிமிடம் காயவிடுங்கள். அதன்பின் பற்களில் விரல் பட வேண்டாம், வியர்வையும் உப்புதான்.

ஸ்லாட்டுக்குள் ரப்பரோ ஈரத்துணியோ நுழைக்கக் கூடாது. உலர்ந்த பிரஷ், அல்லது ஏர் ப்ளோயர். வாயால் ஊதினால் எச்சில் போகும். வளைந்த கம்பி, எறும்பு, கரப்பான் முட்டை எல்லாம் உள்ளே கிடக்கும். டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள்.

4. செருகுதல்

அவசரப்பட்டால் கோளாறு வரும் இடம் இதுதான். கேபினெட்டைப் படுக்க வைத்து, கார்டை நேராக இறக்கி, இரண்டு முனையிலும் ஒரே அளவாக அழுத்துங்கள். கொக்கி 'டக்' என்று மூடும். அதோடு முடிந்தது என்று ஸ்க்ரூவை முறுக்காதீர்கள். கண்ணை ஸ்லாட் மட்டத்துக்குக் கொண்டுபோங்கள்: தங்கப் பற்களின் மேல் விளிம்பு இரண்டு முனையிலும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். இப்போது ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே அந்த விளிம்பைப் பாருங்கள். பிராக்கெட் (ஸ்க்ரூ முறுக்கும் கார்டின் பின்பக்கத் தகடு) கொஞ்சம் வளைந்திருந்தாலும், கேபினெட் தகரம் மலிவாக இருந்தாலும், ஸ்க்ரூ இறுக இறுகக் கார்டின் மறுமுனை அரை மில்லிமீட்டர் எழும்பும்.

அந்த அரை மில்லிமீட்டர் ஏன் முக்கியம்? 'நான் வந்திருக்கிறேன்' என்று போர்டுக்குச் சொல்லும் பற்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை. கார்டு லேசாக எழும்பினால் முதலில் விலகுவது அவைதான். சில போர்டுகள் அந்தச் சைகை வராமல் கார்டைத் தேடவே தேடாது. பிராக்கெட் வளைந்திருந்தால் கழற்றி நிமிர்த்துங்கள். கனமான கார்டு தொங்கினால் கீழே ஒரு முட்டு கொடுங்கள்.

5. மின்சாரம்

ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கனெக்டர் இன்னொரு 75, 8 பின் 150. எஸ்எம்பிஎஸ்-இல் 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு. துளைகளின் வடிவம் வேறு, ஆனாலும் பலம் போட்டுத் திணிப்பவர்கள் உண்டு. திணித்தால் புகைதான். புது 16 பின் கனெக்டர் இடைவெளி தெரியாமல் முழுதாக உட்கார வேண்டும், அரைகுறையாக நின்றால் உருகிவிடும்.

எஸ்எம்பிஎஸ் வந்த பெட்டியில் '450 வாட்' என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல் எஸ்எம்பிஎஸ்-இன் லேபிளில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட். 65 வாட் பிராசஸரும் 150 வாட் கார்டும் சேர்ந்தாலே அது முடிந்துவிடும். ஹார்டிஸ்க் கனெக்டரை 6 பின்னாக மாற்றும் அடாப்டரைக் குப்பையில் போடுங்கள்.

6. பயாஸ்

பிளக்கைப் பிடுங்கி, போர்டிலுள்ள சிஆர்2032-ஐ 5 நிமிடம் எடுத்து வைத்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அமைப்பு நிரல்) பழைய நிலைக்கு வரும். போர்டுக்கு நாலைந்து வயது ஆகியிருந்தால் புதிய பேட்டரியே போடுங்கள். பயாஸ் உள்ளே போக முடிந்தால் ஸ்லாட்டின் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து 'ஜென் 3'-க்கு (மூன்றாம் தலைமுறை வேகம்) மாற்றுங்கள். ரைசர் கேபிள் (ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) வழியாக மாட்டிய புதுக் கார்டுகள் பெரும்பாலும் இதில்தான் சரியாகும். மிகப் பழைய கார்டு என்றால் பயாஸில் 'சிஎஸ்எம்'-ஐ (பழைய கருவிகளுக்கான அமைப்பு) எனேபிள் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது படம் காட்டாது.

7. மாற்றிப் பார்த்தல்

இதுவரை வராவிட்டால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கார்டைக் கீழ் ஸ்லாட்டில் போடுங்கள். அங்கே வேகம் குறைவாக இருக்கலாம், தெரிகிறதா என்பதுதான் கேள்வி. கீழே தெரிந்து மேலே தெரியாவிட்டால் கார்டு தப்பித்தது. மேல் ஸ்லாட்டின் கோடுகள் நேராகப் பிராசஸருக்குப் போகின்றன, அதனால் பிராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கலாம், கூலர் ஒரு பக்கமாக இறுகியிருக்கலாம். இதைக் கை பழகியவரிடம் விடுங்கள். எங்கேயும் தெரியாத கார்டை நண்பர் வீட்டுக் கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால்தான் கார்டு போச்சு. அப்போதும் வீடியோவைப் பார்த்துவிட்டு அடுப்பிலோ ஹாட் ஏர் கன்னிலோ சூடாக்க வேண்டாம். சில நாள் ஓடும், வாரன்டி அன்றே போய்விடும்.

வெள்ளத்தில் நனைந்த கணினிக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ரெயின்போ நகர் மாதிரித் தாழ்வான இடங்களில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அப்படி நனைந்ததை 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்வதுதான் கார்டைக் கொல்வது, தண்ணீர் அல்ல. சிஆர்2032-ஐ உடனே கழற்றிவிட்டு, கார்டையும் போர்டையும் அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்: எந்த விளக்கு எரிந்தது, எந்த ஸ்லாட்டில் பார்த்தீர்கள், வேறு கணினியில் என்ன ஆனது. பக்கத்திலேயே கார்டின் சீரியல் எண்ணும் இருக்கட்டும்.