மைன்கிராஃப்ட் சர்வைவல்: முதல் ராத்திரியை உயிரோடு தாண்ட

தண்டையார்பேட்டையில் மே மாத லீவில் மத்தியான வெயிலுக்குத் தெருவில் கிரிக்கெட் ஆட முடியாது. எங்கள் தெருப் பிள்ளைகள் மாடிப்படி நிழலில் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். அதில் பாதிப் பேர் திறப்பது மைன்கிராஃப்ட், பிளாக் என்ற சதுரக் கட்டிகளை உடைத்து, அடுக்கி ஆடும் விளையாட்டு. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே மாதிரிதான் சாகிறார்கள். பகலெல்லாம் ஊர் சுற்றுவது, பொழுது சாயும்போது ஒரு மரவாள் செய்வது, இருட்டினதும் ஜாம்பியை அடிக்கப் போவது. செத்த பிறகு, "இன்னாண்ணா, எத்தினி அடிச்சாலும் வந்துகினே கீது?" என்று ஒரு கேள்வி.

வந்துகொண்டேதான் இருக்கும். இந்த விளையாட்டில் எதிரிகள் இருட்டிலிருந்துதான் முளைக்கிறார்கள். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்குப் பிறகு கணக்கு இன்னும் சுலபம்: நிலத்துக்கு மேலே ராத்திரியிலும் சரி, குகைக்குள் எந்நேரமும் சரி, விளக்கு வெளிச்சம் கொஞ்சம்கூட எட்டாத இடத்தில்தான் ஜாம்பி, ஸ்கெலிட்டன், க்ரீப்பர், சிலந்தி எல்லாம் உண்டாகும். ஒரு டார்ச்சின் (நட்டுவைக்கும் தீப்பந்தம்) வெளிச்ச அளவு 14. ஒவ்வொரு பிளாக் தள்ளிப் போகும்போதும் ஒன்று குறையும். ஆக, ஒரு டார்ச் நட்டால் நேர்க்கோட்டில் பத்துப் பன்னிரண்டு பிளாக் வரைக்கும், மூலைவாட்டில் அதில் பாதி தூரத்துக்கும் எதுவும் முளைக்காது. வெளியே முளைத்தது நடந்து உள்ளே வரலாம், அதற்குச் சுவர் இருக்கிறது.

அதனால்தான் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை டார்ச், கட்டில், சாப்பாடு, இரும்பு என்று போகும். வாள் அதற்கெல்லாம் பிறகு.

ஆரம்பிக்கும் முன்னே

புது உலகம் உருவாக்கும்போது ஆட்ட முறையை சர்வைவல் (உயிர் பிழைத்து ஆடுவது), கடின அளவை ஈஸி என்று வையுங்கள். டச் கன்ட்ரோலே இன்னும் கைக்குப் பழகவில்லை என்றால் முதல் ஒரு மணி நேரம் பீஸ்ஃபுல்லில் ஆடலாம். அதில் எதிரிகளும் இல்லை, பசியும் இல்லை. நடக்க, தாவ, பிளாக் வைக்கக் கை பழகியதும் ஈஸிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

போனில் ஆடுகிறவர்கள் உலகத்தின் செட்டிங்ஸில் 'ஷோ கோஆர்டினேட்ஸ்' என்பதைக் கட்டாயம் ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஜாவா பதிப்பு என்றால் எஃப்3 அழுத்தினால் தெரியும். திரையில் வரும் மூன்று எண்கள்தான் உங்கள் வீட்டு விலாசம். வீடு கட்டியவுடன் அந்த எண்களை நோட்டில் எழுதிவையுங்கள், அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

படி 1: கையில் இருப்பது 10 நிமிடம்

விளையாட்டில் ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். அதில் நல்ல பகல் 10 நிமிடம், முழு ராத்திரி 7 நிமிடம், மீதி பொழுது விடிவதற்கும் சாய்வதற்கும். உலகம் திறந்தவுடன் அழகு பார்த்து நிற்காமல் பக்கத்து மரத்துக்குப் போய் அழுத்திப் பிடியுங்கள். வெறுங்கையாலேயே மரம் உடையும்.

எவ்வளவு மரம் வேண்டும் என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். மூன்று கட்டை எடுத்துவிட்டு ஓடுகிறார்கள், பிறகு ராத்திரியில் திரும்ப மரத்துக்கு வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டையில் 4 பலகை வரும். 2 பலகையில் 4 குச்சி. கிராஃப்டிங் டேபிளுக்கு (பொருள் செய்யும் மேசை) 4 பலகை, மரப் பிக்காக்ஸுக்கு (கல் உடைக்கும் கருவி) 3 பலகையும் 2 குச்சியும், கட்டிலுக்கு 3 பலகை, பெட்டிக்கு 8 பலகை, கதவுக்கு 6 பலகை (அதில் மூன்று கதவு கிடைக்கும்). இதற்குமேல் கல் ஆயுதங்களுக்கும் டார்ச்சுக்கும் குச்சி, கரி சுடக் கட்டை. எல்லாம் சேர்த்தால் 16 கட்டை இருந்தால் முதல் ராத்திரிக்குத் தாராளம். 16 சேரும்வரை வேறு எங்கும் போக வேண்டாம்.

கையிலிருக்கும் சாமானைக் காட்டும் இன்வென்டரியைத் திறந்தால் அங்கேயே சின்ன நான்கு கட்டம் இருக்கும். பலகையும் டேபிளும் அதிலேயே செய்யலாம். டேபிளைத் தரையில் வைத்த பிறகு மற்றதெல்லாம் அதில். எந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ரெசிபி புத்தகமே காட்டும்.

படி 2: கல்

மரப் பிக்காக்ஸின் வேலை கல் எடுப்பதோடு முடிந்தது. மலையோரமோ, மண்ணுக்கு நாலு பிளாக் கீழேயோ கல் கிடைக்கும். முதல் 3 கல்லில் கல் பிக்காக்ஸ் செய்துவிடுங்கள். பிறகு ஒரு 30 கல் சேருங்கள்: 8 கல்லில் அடுப்பு, மீதியில் கோடாலி, வாள், சுவர்.

படி 3: நிலக்கரி தேடாதீர்கள், கரி சுடுங்கள்

முதல் நாளில் உயிரைக் காப்பாற்றுவது இந்தப் படிதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். டார்ச்சுக்கு நிலக்கரி வேண்டும் என்று நினைத்து, அதைத் தேடிக்கொண்டு குகைக்குள் போகிறார்கள். குகைக்குள் இருட்டு. டார்ச் இல்லாமல் இருட்டுக்குள் போய் டார்ச்சுக்கான பொருளைத் தேடுவதைப்போல ஆபத்தான வேலை இந்த விளையாட்டில் வேறு இல்லை.

அடுப்பைத் தரையில் வைத்துத் திறங்கள். மேல் கட்டத்தில் 4 மரக்கட்டை போடுங்கள். கீழே நெருப்புப் படம் இருக்கும் கட்டத்தில் 3 பலகை. தீ எரியத் தொடங்கும், அம்புக்குறி மெல்ல நிரம்பும். ஒரு கட்டை கரியாக 10 விநாடி. நாற்பது விநாடியில் வலப்பக்கக் கட்டத்தில் 4 மரக்கரி. ஒரு கரியும் ஒரு குச்சியும் சேர்ந்தால் 4 டார்ச், ஆக மொத்தம் 16 டார்ச். குகைப் பக்கமே போகாமல், பட்டப்பகலில், மரத்தடியில் நின்றே செய்துவிட்டோம். மரக்கரிக்கும் நிலக்கரிக்கும் டார்ச்சில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

படி 4: படுக்க ஒரு இடம்

வழியில் ஆடு தென்பட்டால் விடாதீர்கள். ஒரே நிறக் கம்பளி 3, பலகை 3, கட்டில் தயார். பொழுது சாய்ந்ததும் படுத்தால் ராத்திரி முழுக்கத் தாண்டிப் போய்விடும். செத்தாலும் அந்தக் கட்டிலிலேயே எழுவீர்கள். பக்கத்தில் எதிரி இருந்தால் தூங்க விடாது, ஆகவே முதலில் சுவரும் கதவும்.

வீடு என்று பெரிதாக எதையும் யோசிக்க வேண்டாம். மலைச்சரிவில் உள்பக்கமாக இரண்டு பிளாக் உயரம், மூன்று பிளாக் ஆழம் குடைந்து, வாசலில் கதவு வைத்து, உள்ளே ஒரு டார்ச், வெளியே இரண்டு டார்ச். போதும். சமதரையில் கட்டினால் கூரை முக்கியம், ஏனென்றால் சிலந்தி சுவர் ஏறும். மரக்கதவை ஜாம்பி தட்டிக்கொண்டே இருக்கும், பயப்படாதீர்கள். ஹார்ட் லெவலில் மட்டும்தான் அதனால் கதவை உடைக்க முடியும்.

ஆடு கிடைக்கவில்லையா? ராத்திரியை வீணாக்காமல் வீட்டுக்குள்ளிருந்தே மலையைக் குடைந்துகொண்டு போங்கள். கல் சேரும், சிலசமயம் இரும்பே கிடைக்கும். ஆனால் மூன்று ராத்திரி தொடர்ந்து தூங்காமல் விட்டால் ஃபேன்டம் என்ற பறக்கும் ஜந்து வானத்திலிருந்து பாய்ந்து கடிக்கும். அதற்குள் மூன்று ஆட்டைக் கண்டுபிடித்துவிடுங்கள்.

க்ரீப்பரைப் பற்றித் தனியாக

விடிந்ததும் ஜாம்பியும் ஸ்கெலிட்டனும் வெயிலில் பற்றி எரியும். பச்சையாக, கையில்லாமல் நிற்கும் க்ரீப்பர் எரியாது. விடிந்துவிட்டது என்று நம்பிக் கதவைத் திறக்கிறவர்களின் வாசலில் அதுதான் நிற்கும். காலடிச் சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து, திரி பற்றின பட்டாசு மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்னும். அந்தச் சத்தத்திலிருந்து வெடிக்க ஒன்றரை விநாடி.

அந்த ஒன்றரை விநாடியில் திரும்பிப் பார்க்காதீர்கள், முன்னால் ஓடுங்கள். தூரம் கூடினால் அது வெடிக்காமல் அடங்கிவிடும். அடிக்க வேண்டும் என்றால் ஒரு அடி, உடனே பின்னால் நகர்வு, மறுபடி ஒரு அடி. வீட்டுச் சுவருக்கும் பெட்டிக்கும் பக்கத்தில் மட்டும் இந்தச் சண்டை வேண்டாம். வெடித்தால் பெட்டி உடைந்து சாமான் எல்லாம் சிதறும்.

மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி. க்ரீப்பருக்குப் பூனை என்றால் பயம், கிட்டேயே வராது. கிராமங்களில் திரியும் பூனைக்குப் பச்சை மீன் போட்டால் பழகிவிடும். காட் அல்லது சால்மன் மீனைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள், அதுவாகவே வரும். வந்ததும் மீனைக் கொடுங்கள். சில மீன் செலவாகலாம். பழகின பூனையை வாசலில் உட்கார வைத்தால் க்ரீப்பரும் ஒதுங்கும், ஃபேன்டமும் ஒதுங்கும்.

மீன் பிடிக்கத் தூண்டில் வேண்டும்: 3 குச்சி, 2 நூல். நூல் சிலந்தியை அடித்தால் கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் சிலந்தி நாம் சீண்டாதவரை வம்புக்கு வராது, ஆகவே பகலில் பார்த்து அடிப்பது நல்லது. மழை பெய்யும்போது தூண்டில் போட்டால் மீன் சீக்கிரம் கடிக்கும். பஃபர் மீன் வந்தால் தின்னாதீர்கள், விஷம்.

படி 5: வயிறு

பசி அளவு பத்து கோழிக்கால் படமாகத் தெரியும். அதில் ஒன்பதாவது நிறைந்திருந்தால்தான் அடிபட்ட உயிர் தானாக ஏறும். மூன்றுக்கு இறங்கினால் ஓட முடியாது, ஓட முடியாதவரை க்ரீப்பர் பிடிக்கும். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி இரண்டும் சுட்டுத் தின்றால் நன்றாக நிறையும். பச்சைக் கோழி வயிற்றைக் கெடுக்கும். ஜாம்பியிடம் கிடைக்கும் அழுகல் கறி அதைவிட மோசம்.

வேட்டை ஆடும்போது எந்த மிருகத்திலும் இரண்டை உயிரோடு விட்டுவையுங்கள். இரண்டு மாட்டுக்குக் கோதுமை கொடுத்தால் ஒரு கன்று. அந்தக் கோதுமைக்குப் புல்லை உடைத்து விதை எடுத்து, தண்ணீருக்கு 4 பிளாக் தூரத்துக்குள் மண்வெட்டியால் கொத்தி விதைக்க வேண்டும். வயல்மேல் தாவிக் குதித்தால் மண் கெட்டுவிடும், நடந்து போங்கள். இங்கும் டார்ச்தான்: ஓரத்தில் இரண்டு வைத்தால் ராத்திரியிலும் பயிர் வளரும். 3 கோதுமையில் ஒரு ரொட்டி.

படி 6: நிலத்துக்கு அடியில்

காலுக்கு நேர் கீழே ஒருபோதும் தோண்டாதீர்கள். கீழே லாவா இருந்தால் ஆளும் போச்சு, கையிலிருந்த சாமானும் எரிந்து போச்சு. தலைக்கு நேர் மேலேயும் வேண்டாம், ஜல்லி சரிந்து மூச்சு முட்டும். படிக்கட்டு மாதிரி சாய்வாக இறங்குங்கள்.

டார்ச்சை எப்போதும் இடது சுவரில் மட்டும் வையுங்கள். திரும்பும்போது டார்ச் எல்லாம் வலப்பக்கம் தெரிந்தால் வீட்டுக்கு வருகிறீர்கள். இடப்பக்கம் தெரிந்தால் இன்னும் உள்ளே போகிறீர்கள். குகையில் வழி தொலைகிறவர்கள் இரண்டு பக்கமும் வைத்தவர்கள்தான். பக்கவழி எதுவும் இருட்டாகத் தெரிந்தால் அதற்குள்ளும் ஒன்று நட்டுவிட்டு நகருங்கள்.

இரும்பை எடுக்கக் கல் பிக்காக்ஸ் வேண்டும். மரப் பிக்காக்ஸால் உடைத்தால் ஒன்றும் விழாது. கோஆர்டினேட்டில் நடு எண் 16 அருகில் இரும்பு நிறைய. முதல் இரும்பில் கேடயம் செய்யுங்கள்: ஒரு இரும்பு, 6 பலகை. க்ரீப்பர் வெடியையே அது தாங்கும். அடுத்த 3 இரும்பில் வாளி. தண்ணீர் நிரப்பி வைத்திருந்தால் லாவா பக்கத்தில் அது கைகொடுக்கும். அதற்கப்புறம் இரும்புப் பிக்காக்ஸ், அது இல்லாமல் வைரம் கிடையாது. வைரம் மைனஸ் 59 பக்கம் அதிகம். ஆனால் அந்த ஆழத்துக் குகைகளில் தரையே லாவாவாக இருக்கும். பழகிய பிறகு போகலாம்.

செத்துவிட்டால்

சாமான் எல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். அந்தப் பக்கம் நீங்கள் போய்ச் சேர்ந்ததும் 5 நிமிடக் கணக்கு ஓடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும். எங்கே செத்தோம் என்று தெரியக் கோஆர்டினேட் எண் நினைவிருக்க வேண்டும். வெறுங்கையோடு ராத்திரியில் ஓடாதீர்கள், தூங்கி எழுந்து போங்கள். நல்ல சாமானைப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே போகிற பழக்கம் இருந்தால் இந்த ஓட்டமே தேவைப்படாது.

போன் அம்மாவுடையது என்றால் ஒரு வார்த்தை. உலகம் அந்தப் போனிலேயேதான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று ஆப்பை அழித்தால் வீடும் போகும். அழிக்கும் முன் 'எக்ஸ்போர்ட் வேர்ல்ட்' கொடுத்துக் கோப்பாக எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

பிழைத்த பிறகு என்ன கட்டலாம்?

நான் சொல்வது ராயபுரம் ரயில் நிலையம். 1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம், நடந்து போய்ப் பார்த்துவரலாம். தூண்களை எண்ணிக்கொண்டு வந்து கட்டுங்கள். சிவப்புச் சுவருக்குச் செங்கல்: ஆற்றோரக் களிமண்ணை உடைத்தால் உருண்டையாக விழும், ஒவ்வொன்றையும் அடுப்பில் சுட வேண்டும், 4 செங்கல் சேர்ந்தால் ஒரு பிளாக். வெள்ளைத் தூணுக்கு இப்போதைக்கு டயோரைட் கல் போதும். குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல் வேண்டுமானால் நெதர் என்ற நெருப்பு உலகத்துக்குப் போக வேண்டும், அங்கே கட்டிலில் படுத்தால் வெடிக்கும், ஆகவே அது பிறகு. கூரை தட்டையாக வரும், அதன்மேலும் பத்துப் பிளாக்குக்கு ஒரு டார்ச் நட்டுவிடுங்கள். மொட்டை மாடியில் முளைக்கிற க்ரீப்பர் கூரையோடு சேர்த்துத்தான் வெடிக்கும்.