ஏலத்தில் பழைய ஃபெராரி: கை தூக்கும் முன்பே செய்துவிடும் தவறுகள்

'இந்தக் காருக்கு உரிய ரக இன்ஜின் பொருத்தப்பட்டுள்ளது.' ஏல கேட்டலாக்கில் இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். ரகம் சரிதான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து அந்தக் காரோடு வந்த இன்ஜின் அது இல்லை என்பதுதான் அந்த வரி சொல்லாமல் சொல்லும் சேதி. ஃபெராரியின் டினோ 246-க்கோ டேடோனாவுக்கோ இந்த ஒரு வரியாலேயே விலை வெகுவாக இறங்க வேண்டும். படிக்காமல் கை தூக்குபவர் முழு விலையையும் கொடுத்துவிட்டு வருவார்.

கேட்டலாக் விற்பவர் சார்பில் எழுதப்படுவது. அதில் வரும் ஒவ்வொரு சொல்லும் யோசித்து வைத்த சொல். 'ஓடோமீட்டர் 41,000 கிலோமீட்டர் காட்டுகிறது' என்றால் மீட்டரில் அந்த எண் தெரிகிறது, அவ்வளவுதான். கார் அவ்வளவுதான் ஓடியது என்று யாரும் உறுதி தரவில்லை. 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டதாக அறிகிறோம்' என்றால் அதற்கான பில் அவர்களிடம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'விற்பனை ரசீதின் பேரில் மட்டும்' என்றிருந்தால் பதிவுச் சான்று கிடைக்காது. காரைச் சாலையில் ஓட்டுவதற்கான பதிவுக்கு அலைவது உங்கள் பொறுப்பு.

கேட்டலாக்கை வரிவரியாகப் படித்தவர்கள்கூடக் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: ஏல நாளன்று வரும் திருத்தக் குறிப்பு. கேட்டலாக் அச்சான பிறகு தெரியவந்த தகவல்களை ஒரு தாளில் அச்சடித்துப் பதிவு மேசையில் வைத்திருப்பார்கள், அல்லது அந்த லாட் (ஏலப் பட்டியலில் எண்ணிட்ட கார்) மேடைக்கு வரும்போது ஏலம் நடத்துபவர் வேகமாக வாசித்துவிட்டுப் போவார். கேட்டலாக் ஒன்று சொல்லி, குறிப்பு வேறொன்று சொன்னால் குறிப்புதான் செல்லும். தொலைபேசியில் ஏலம் கேட்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

எண்களைத் தவறாகப் புரிந்துகொள்வது

'மேட்சிங் நம்பர்' என்றால் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். டினோவிலும் ஃபெராரி 308-இலும் அவை இயல்பாகவே வேறு வேறு எண்கள். இந்த சேசிஸுக்கு இந்த இன்ஜின், இந்த கியர்பாக்ஸ் என்று தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ளதோடு காரில் இருப்பது ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. அதற்கு ஆதாரம் வேண்டும். ஃபெராரி நிறுவனம் 2006 முதல் கிளாசிக்கே பிரிவு வழியாகச் சான்றிதழ் தருகிறது. அதோடு வரும் சிவப்பு உறைத் தொகுப்பை ஏலக் கூடங்களில் பெருமையோடு விரித்து வைத்திருப்பார்கள். உறையைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன எழுதியிருக்கிறது, அந்தக் காருக்கே உரியதா, பின்னாளில் மாற்றப்பட்டதா என்று பக்கம் பக்கமாகப் படியுங்கள். லம்போர்கினிக்கு 2015-இல் தொடங்கிய போலோ ஸ்டோரிகோ என்ற பழைய கார் பிரிவு இருக்கிறது. ஆல்ஃபா ரோமியோவுக்கு மிலான் அருகே அரேஸேயில் உள்ள ஆவண மையம், கார் எந்த நிறத்தில் எந்த நாளில் வெளியானது என்று எழுதித் தரும்.

எளிய சோதனை ஒன்று. அந்தக் காலத்து ஃபெராரி சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண், டினோவுக்கு இரட்டைப்படை எண். டேடோனா என்று சொல்லிக்கொண்டு இரட்டைப்படை சேசிஸ் எண்ணோடு ஒரு கார் நின்றால் உடனே காரணம் கேட்க வேண்டும். அடுத்து, எண் பொறித்திருக்கும் உலோகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தால், எண்ணைச் சுற்றி அரத்தால் ராவிய கோடுகள் தெரியும். ஓர் எண் மட்டும் ஆழமாகவோ வேறு எழுத்துருவிலோ இருப்பதும் தெரியும்.

டேடோனாவுக்குத் தனி எச்சரிக்கை. அதன் முறையான பெயர் 365 ஜிடிபி/4. 1968-இல் பாரிஸில் அறிமுகமான அதன் கூப்பே (கூரை மூடிய உடல்) ஆயிரத்துக்கும் மேல் தயாரானது. கூரை திறந்த ஸ்பைடரோ தொழிற்சாலையிலிருந்து வந்தது சுமார் 120 மட்டுமே. ஸ்பைடரின் விலை பல மடங்கு என்பதால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நல்ல கூப்பேக்களின் கூரையை வெட்டி ஸ்பைடர் ஆக்கினார்கள். வெட்டியது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் தவறில்லை. ஆனால் 'ஸ்பைடர்' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து அசல் ஸ்பைடரின் விலையை மனதில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். சேசிஸ் எண்ணைக் கொண்டு அது எந்த உடலோடு பிறந்தது என்று பார்த்துவிடலாம்.

பெயின்ட் பளபளப்பில் ஏமாறுவது

ஏலத்துக்கு முன் காரைப் பார்வைக்கு வைப்பது பெரும்பாலும் ஓரிரு நாள்தான். ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், ரேம்ப்பில் ஏற்றவும் வழியிருக்காது. கையில் எடுத்துப்போக வேண்டியவை: நல்ல டார்ச், நீளக் கைப்பிடிக் கண்ணாடி, துணி சுற்றிய காந்தம், பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர். கையாளும் முன் லாட் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

மீட்டரை வாங்கும்போதே ஒரு தவறு நடக்கிறது. விலை குறைந்த மீட்டர்கள் எஃகின் மேல் மட்டுமே வேலை செய்யும். இத்தாலிய கார்களில் எஃகும் அலுமினியமும் கலந்தே இருக்கும்: டேடோனாவின் உடல் எஃகு, பானெட்டும் டிக்கி மூடியும் அலுமினியம். இரண்டையும் அளக்கும் மீட்டர் வேண்டும். ஒரு பெயின்ட் பூச்சு என்றால் 100 முதல் 200 மைக்ரான் வரை காட்டும். 300, 400 என்றால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஐம்பது வயது காரில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள், அதுதான் கவலை.

1975-இல் வந்த முதல் 308 ஜிடிபி-களின் உடல் கண்ணாடி இழையால் ஆனது; 1977-இல் எஃகுக்கு மாறினார்கள். இழை உடல் கார்களுக்கு இன்று அதிக விலை. அவற்றில் காந்தமும் ஒட்டாது, சாதாரண மீட்டரும் பேசாது. முன் கண்ணாடித் தூணின் மேல் முனையில், கூரை சேரும் இடத்தில், விரலால் தடவினால் மெல்லிய இணைப்புக் கோடு தட்டுப்பட வேண்டும். சில பட்டறைகள் 'அழகுக்காக' அதை நிரப்பி மழித்துவிடுகின்றன. தெரிந்த கண்ணுக்கு அது கெடுத்த வேலை.

எஃகு உடலில் துருவைத் தேடும் இடம் கீழே. கதவைத் திறந்து அதன் அடி விளிம்பைப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலை ஓட்டுங்கள். நீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா, பெயின்டில் அடைத்துக் கிடக்கின்றனவா? அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே நின்று, உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். பின்பு பின்சக்கர வளைவின் உதடு, கதவுக்குக் கீழுள்ள சில், ஜாக்கி வைக்கும் இடம். ஆல்ஃபா ரோமியோவின் 105 வரிசைக் கூப்பேக்களில் சில்தான் காரின் முதுகெலும்பு. அது பல அடுக்குத் தகடு. வெளித்தகட்டை மட்டும் மாற்றி உள்ளே துருவை விட்டுவைப்பது பழைய வித்தை. அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், எதை மறைக்க அடித்தார்கள் என்று கேட்காமல் நகராதீர்கள்.

'குறைவாக ஓடிய கார்' என்ற மயக்கம்

இதில்தான் பணம் அதிகம் கரைகிறது. பத்துப் பதினைந்து ஆண்டு ஓடாமல் கண்காட்சிப் பொருளாக நின்ற காரைவிட, ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒழுங்காகப் பராமரித்த கார் எவ்வளவோ மேல். ரப்பருக்கும் திரவங்களுக்கும் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, வருடக் கணக்குதான்.

308-இன் வி8 இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளை ஓட்டுவது இரண்டு ரப்பர் டைமிங் பெல்ட்டுகள். ஓடினாலும் நின்றாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் தீராது. 308-இல் இன்ஜின் காருக்குள் இருக்கும்போதே பெல்ட் மாற்றலாம். டெஸ்டரோசா என்ற ஃபெராரியில் இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும், அதனால் செலவு வேறு உயரத்தில் இருக்கும். டினோ 246-இல் செயின் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. சர்வீஸ் பில்லில் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் தேதியைப் பாருங்கள். 'பெல்ட் மாற்றி 800 கிலோமீட்டர்தான் ஆகிறது' என்பது உண்மையாக இருக்கலாம். மாற்றிய ஆண்டு 2009 ஆகவும் இருக்கலாம்.

டயரும் அப்படியே. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கம் '2309' என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தைய டயர். இந்தக் குறி டயரின் உட்புறத்தில் இருக்கவும் வாய்ப்புண்டு, கண்ணாடி அங்கேதான் உதவும். பூ தேயாமல் புதிதுபோல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பானெட்டுக்குள் பெட்ரோல் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல் இறுகியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் அரிக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. லம்போர்கினி மியூராவில் சூடான வி12-க்கு மேலேயே நான்கு வெபர் கார்புரேட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. கசிந்து தீப்பிடித்த மியூராக்கள் உண்டு. 308-இல் ஃபியூஸ் பாக்ஸையும் திறந்து பாருங்கள்: இணைப்புகள் சூடேறி பிளாஸ்டிக் பழுப்பாக உருகிய தடம் அடிக்கடி காணக் கிடைக்கும்.

ஸ்டார்ட் செய்து காட்டுகிறார்கள் என்றால் அதற்கு முன்பே போய் இன்ஜின்மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் குளிர்ந்த நிலையில் அது எப்படி எழுகிறது என்பதை நீங்கள் பார்க்கப் போவதில்லை.

கொட்டகையில் தூசியோடு கிடைத்த கார் என்றால் கூடமே சூடாகிவிடும். 2017-இல் மரனெல்லோவில் நடந்த ஆர்எம் சதபீஸ் ஏலத்தில், ஜப்பானில் தூசி படிந்து கிடந்த ஒரு டேடோனா 18.07 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்த விலை தூசிக்கு வந்ததில்லை. அது அலுமினிய உடலோடு உருவான அபூர்வமான கார். சாதாரண காரின் மேலுள்ள தூசிக்கு யாரும் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

கணக்கைத் தலைகீழாகப் போடாதது

'மூன்று தரம்' என்று சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் தொகை ஆகாது. அதன் மேல் வாங்குபவர் கமிஷன் உண்டு, கமிஷனுக்கு வரி உண்டு. 2014-இல் கலிபோர்னியாவில் போன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் விற்ற ஃபெராரி 250 ஜிடிஓ-வுக்குச் சுத்தியல் விழுந்தது 3.465 கோடி டாலரில். கட்டிய தொகை 3.8115 கோடி. பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் இரண்டாவது எண். அதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொண்டு கூடத்தில் அதுவரை கேட்டால் கமிஷனை இரண்டு முறை கொடுத்ததாகிவிடும்.

பிரிட்டனில் ஒரு கணக்கு. கமிஷன் 15 சதவீதம், அதன்மேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,00,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தால் 15,000 கமிஷன், 3,000 வாட், ஆக 1,18,000. லாட் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரமோ ஒமேகா எழுத்தோ இருந்தால் வெளிநாட்டிலிருந்து தற்காலிகமாகக் கொண்டுவந்த கார். சுத்தியல் விலைமீது இறக்குமதி வரியும் சேரும். போன்ஹாம்ஸ் கேட்டலாக்கில் நட்சத்திரம் 5 சதவீதத்தையும் ஒமேகா 20 சதவீதத்தையும் குறிக்கும். அந்தச் சிறு குறியைக் கவனிக்காமல் விட்டால் இருபதாயிரம் பவுண்டு போய்விடும்.

ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். கையில் 1,20,000 இருக்கிறது. பெல்ட், டயர், பிரேக், குழாய் என்று முதல் ஆண்டுச் செலவுக்கு 20,000 ஒதுக்குங்கள். மீதி ஒரு லட்சத்தை 1.18-ஆல் வகுத்தால் 84,700. நட்சத்திரக் குறி லாட் என்றால் 1.23-ஆல் வகுத்து 81,300. அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் உங்களோடு போட்டி போடுபவர் ஆளாகவே இருக்க வேண்டியதில்லை. ரிசர்வ் விலையை (விற்பவர் குறித்துவைத்த குறைந்தபட்ச விலை) எட்டும்வரை ஏலம் நடத்துபவரே விற்பவர் சார்பில் விலையை ஏற்றலாம்; விதிமுறைத் தாளில் அது இருக்கும். ரிசர்வை எட்டாமல் விலைபோகாத காரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதும் ஒரு தவறுதான். ஏலம் முடிந்ததும் மேசைக்குப் போய் உங்கள் விலையைச் சொல்லுங்கள். விற்பவர் அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும் செலவை நினைத்துக்கொண்டிருப்பார்.

சுத்தியல் விழுந்த பிறகு

பெரும்பாலான விதிமுறைகளின்படி அந்த நொடியிலிருந்தே காருக்கு நீங்கள்தான் பொறுப்பு. இன்சூரன்ஸ் முதல் நாளே பேசி வைத்திருக்க வேண்டும். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் வாடகை ஏறும். ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஆசையை அடக்கி, மூடிய டிரெய்லரில் ஏற்றுங்கள்.

நெடுநாள் நின்ற கார் என்றால் சாவியைத் தொடாதீர்கள். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து மில்லிலிட்டர் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று, இன்ஜின் சுழலும் திசையில் மட்டும். எங்காவது முட்டினால் பலம் காட்டாமல் நிறுத்திவிடுங்கள். பெல்ட்டின் வயது தெரியாத இன்ஜினில் அடுத்த வேலை பெல்ட் மாற்றுவது. அதன் பின்பு புது ஆயில், ஃபில்டர். பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுற்றி ஆயில் பிரஷர் முள் எழுகிறதா என்று பாருங்கள். முள் எழுந்த பிறகுதான் பிளக்கை மாட்டி, புது பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.