பதினேழு எழுத்துக் கேட்ட படிவம்

எனக்கு 22 வயது. திருகோணமலை உவர்மலையில் வாங்கிய மஸ்டா ஆர்எக்ஸ்-8 காருக்கு முழுக் காப்புறுதி எடுக்க நான்கு நாட்கள் அலைந்தேன். இணையப் படிவம் காரின் செசி இலக்கத்தை, அதாவது அதன் உடற்சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள இலக்கத்தை, ஏற்கவில்லை. 17 எழுத்துகள் வேண்டுமாம். முன்னால் பூச்சியங்களை இட்டு நிரப்பினேன். படிவம் ஏற்றது, பரிசோதிக்க வந்தவர் ஏற்கவில்லை. விற்ற அண்ணனையும் வீணாகச் சந்தேகித்தேன்.

பொனெற்றைத் திறந்து, உப்புக்காற்றில் கறுத்திருந்த தகட்டைத் துடைத்தபோதுதான் விளங்கியது: ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார் இது, 17 எழுத்து இலக்கமே கிடையாது. 'எஸ்ஈ3பி', ஒரு சிறுகோடு, பின்னால் ஆறு இலக்கங்கள், அவ்வளவுதான். உலோகத்தில் பொறித்திருந்ததன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தேன். பதிவுப் புத்தகப் பிரதியுடன் கிளைக்கே கொண்டுபோய், சிறுகோட்டையும் விடாமல் கையால் பதியச் செய்தேன். அரை மணி நேரத்தில் காப்புறுதி அட்டை கைக்கு வந்தது. என் வயதுக்காகக் கூட்டிய கட்டணம்தான் குறையவில்லை.