பழைய பிரெய்ல் நோட்டுக்குப் புது வேலை

பிரெய்ல்நோட் ஏபெக்ஸ், பார்வையற்றோர் பிரெய்ல் புள்ளிகளைத் தொட்டுப் படிக்கும் கையடக்கக் குறிப்பேட்டுக் கருவி. விண்டோஸ் சிஇ என்ற பழைய இயங்குதளக் காலத்தது. அதற்குள் புதிய செயலிகளைத் திணிக்கப் பார்ப்பது வீண் உழைப்பு. கணினியின் செயலிகளை அதன் புள்ளிகளுக்குக் கொண்டுவருவதே என் வழி.

முதலில் கருவியை டெர்மினல் நிலைக்கு, அதாவது கணினியின் பிரெய்ல் திரையாக இயங்கும் நிலைக்கு மாற்றி, யூஎஸ்பி வடத்தால் கணினியோடு இணையுங்கள். புளூடூத்தும் உண்டு, நான் வடத்தைத்தான் நம்புவேன். கணினியில் இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏ ஓடவேண்டும். என்விடிஏ விசையுடன் (வழக்கமாக இன்சர்ட்) கண்ட்ரோல், ஏ இரண்டையும் அழுத்தினால் பிரெய்ல் காட்சிக் கருவிகளின் பட்டியல் வரும். அதில் ஹியூமன்வேர் பிரெய்ல்நோட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். பிரெய்ல் அமைப்புகளில் வெளியீட்டு அட்டவணையை, அதாவது எழுத்தைப் புள்ளிகளாக்கும் விதித்தொகுப்பை, தமிழுக்கு மாற்றுங்கள். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் உயிர்க்குறிக்குத் தனிக்கட்டம் (ஒரு புள்ளித் தொகுதிக்கான இடம்) வேண்டும். ‘கொ’ என்ற ஓர் எழுத்தே இரண்டு கட்டங்களைத் தின்றுவிடும். 18 கட்டக் கருவியில் நீண்ட சொற்கள் அடங்காது. சொற்களை உடைக்காமல் காட்டும் தேர்வை அணைத்துவிடுங்கள். இல்லையெனில் பாதிக் கட்டங்கள் வெறுமையாய்க் கிடக்கும். 32 கட்டக் கருவிக்காரர்கள் அதைத் தாராளமாக விட்டுவைக்கலாம்.

லினக்ஸ் பிரியர்களுக்கு, பிரெய்ல் கருவியில் திரையைக் காட்டும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் இருக்கிறது.