வேலூர் வெயிலில் புல்தரை: உரம் பாலாற்றுக்குப் போகாமல் வளர்ப்பது எப்படி?

வாசலில் பத்தடிக்குப் பத்தடி இடம் இருந்தால் போதும், புல் வளர்க்கலாம். ஆனால் அதற்குப் போடும் உரம் அந்த இடத்தோடு நிற்காது. ஒரு கனமழை வந்தால் சாக்கடையில் இறங்கி, கால்வாய் வழியாக ஏரிக்கோ பாலாற்றுக்கோ போய்ச் சேரும். ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் அந்த ஆறு பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பும் வந்தது. நம் வீட்டுப் பங்கையும் அதில் சேர்க்க வேண்டாம்.

முதலில் புல். கொரியன் புல் அழகுதான், தண்ணீர் நிறைய கேட்கும். என்னைக் கேட்டால் அருகம்புல். சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். ஆடி மழையில் விரல் நீளத் தண்டுகளை அரையடி இடைவெளியில் ஊன்றுங்கள்.

ஊன்றும் முன் தரையைச் சமன்படுத்தி, தெருப்பக்கம் நான்கு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டுங்கள். வயலுக்குக் கட்டுகிற மாதிரிதான். மழைநீர் அங்கேயே நின்று மண்ணில் இறங்கும்.

அடுத்தது உரம். இதில்தான் அவசரப்படுகிறோம். 100 சதுர அடிக்கு 2 கிலோ மண்புழு உரம் தாராளம். யூரியாதான் போடுவேன் என்றால் 50 கிராம் போதும், அதில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). வானம் கருத்திருக்கும்போது போடவே போடாதீர்கள். போட்டதும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அப்புறம் சிமெண்ட் தரையைக் குனிந்து பாருங்கள்: சின்ன ஜவ்வரிசி மாதிரி வெள்ளைக் குருணை சிதறியிருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவாமல், துடைப்பத்தால் கூட்டிப் புல்லிலேயே போடுங்கள். ஏரியில் கலந்தால் பாசிக்கும் வெங்காயத் தாமரைக்கும் அதுதான் தீனி. பாசி அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும்.

தண்ணீர் விடியற்காலையில் விடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்து, எளிதாக இறங்கினால் அன்றைக்கு வேண்டாம்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டிய புல் அங்கேயே கிடக்கட்டும், அதுவும் உரம்தான்.

கோரை வந்தால் களைக்கொல்லி வேண்டாம். மழைக்கு மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களைக்கொத்தால் ஆழமாகத் தோண்டுங்கள். கயிற்றில் கோத்த மணி மாதிரி கறுப்புக் கிழங்குகள் வரும். ஒன்று தங்கினாலும் திரும்ப முளைக்கும், அதனால் அடுத்த மழைக்குப் பிறகும் அதே இடத்தைப் பாருங்கள்.