ஆக்சைடின் மேல் பாலிமர்: சறுக்கும் இடங்கள்

லித்தியம் பேட்டரிக்கு எடுக்கும் உலோக ஆக்சைடு பலவும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் மேலே பாலிஅனிலின், பாலிபைரோல் போன்ற மின்சாரம் கடத்தும் பாலிமர் ஒன்றைப் பூசிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள்.

முதல் தவறு வோல்ட்டைப் பார்க்காமல் பாலிமரைத் தேர்ந்தெடுப்பது. இவை டோப்பிங் ஆன நிலையில்தான், அதாவது ஆக்சிஜனேற்றமடைந்து எதிர் அயனிகளைச் சேர்த்துக்கொண்ட நிலையில்தான், நன்றாகக் கடத்தும். லித்தியத்துக்கு எதிராக 3 வோல்ட்டுக்கு மேல் ஓடும் கேத்தோடில் பாலிஅனிலின் ஒத்துழைக்கும், அதையே இரும்பு ஆக்சைடு ஆனோடில் பூசி 0.01 வோல்ட் வரை இறக்கினால் டோப்பிங் கழன்று கடத்துத்திறன் படுத்துவிடும். அப்படியும் செல் நீண்ட நாள் ஓடலாம், காரணம் ஆக்சைடு உப்பிச் சுருங்குவதை அந்த உறை தாங்குவதாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "கடத்துத்திறன் கூடியது" என்று எழுதுவதுதான் எனக்கு எரிச்சல்.

அடுத்தது அமிலம். பாலிஅனிலின் என்றாலே 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஆக்சிஜனேற்றியாக அமோனியம் பெர்சல்ஃபேட் என்று கை தானாகப் போகும். அதில் மாங்கனீசு டை ஆக்சைடைப் போட்டால், அதுவே அனிலினை ஆக்சிஜனேற்றிப் பாலிமராக்கிவிட்டு, தான் மாங்கனீசு அயனியாகக் கரைந்து வடிநீரோடு போய்விடும். வடிதாளில் கரும்பச்சைப் பொடி நிறைய நிற்கும், ஆனால் உள்ளே ஆக்சைடு எவ்வளவு மிச்சம்? வனேடியம் பென்டாக்சைடு ஜெல்லில் இதே குணம் சாதகமாகிறது: அனிலின் அடுக்குகளுக்குள் நுழைந்து அங்கேயே பாலிமராகும், தனி ஆக்சிஜனேற்றி வேண்டாம்.

ஆக்சைடைச் சூளையில் வைப்பதாக இருந்தால் பூசுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள், 400 டிகிரி காற்றில் பாலிமர் தாங்காது. அப்புறம் வெற்றிட அடுப்பில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் மிஞ்சினால் எலக்ட்ரோலைட்டில் உள்ள லித்தியம் ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட் அதோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டாகும், அது ஆக்சைடை அரிக்கும்.

கணக்கிலும் கோட்டை விடுகிறார்கள். வனேடியம் பென்டாக்சைடு இரண்டு லித்தியம் ஏற்றால் கணக்குப்படி வரும் கொள்ளளவு கிராமுக்கு 294 மில்லி ஆம்பியர் மணி. கூட்டுப்பொருளின் மொத்தக் கொள்ளளவை ஆக்சைடின் எடையால் மட்டும் வகுத்தால் எண் ஜோராக ஏறும்; பாலிமருக்கும் எடை உண்டு, அதுவும் கொஞ்சம் மின்னூட்டம் சேமிக்கும். பாலிமர் எத்தனை சதவீதம் என்று டிஜிஏ-வில் (சூடாக்கி எடை மாற்றத்தை அளக்கும் முறை) பார்ப்பவர்கள், மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு காற்றில் சூடானால் சுமார் 3.5 சதவீதம் எடை கூடும் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வனேடியம் பென்டாக்சைடு, பாலிஅனிலின் இரண்டிலும் லித்தியம் கிடையாது. ஆய்வகத்தில் சோதிக்கும் நாணய வடிவக் காயின் செல்லில் எதிரே லித்தியத் தகடு இருப்பதால் அது தெரிவதில்லை. எதிரே வெறும் கிராஃபைட்டை வைத்தால் ஓட்ட லித்தியமே இருக்காது, ஏதாவது ஒரு பக்கம் முன்கூட்டியே லித்தியம் ஏற்றித்தான் ஆக வேண்டும்.