மூக்கடைப்பு: குளிரா, கொரோனாவா?

புது நாட்டுக்கு வந்த முதல் வாரங்களில் மூக்கு அடைத்தால் பழி குளிர்மேல்தான் விழும். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஹீட்டர் ஓடும் அறையின் வறண்ட காற்றும் பழகாத மகரந்தமும் மூக்கை அடைக்கும். ஆனால் 2021 இறுதியில் ஒமைக்ரான் என்ற கொரோனா வகை பரவிய பிறகு கொரோனாவும் பெரும்பாலும் மூக்கடைப்பு, மூக்கொழுகல், தொண்டை வலி என்றுதான் தலைகாட்டுகிறது. வாசனை தெரிகிறது, காய்ச்சல் இல்லை, அதனால் கொரோனா இல்லை என்பது பழைய கணக்கு.

கண்ணும் மூக்கும் அரித்து, அடுக்கடுக்காகத் தும்மல் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். உடல்வலியும் அசதியும் சேர்ந்தால் கொரோனாவா, ஃப்ளூவா என்று அறிகுறியை வைத்துச் சொல்ல முடியாது. டெஸ்ட் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே கொரோனா டெஸ்ட் எடுக்கும் ஆன்டிஜென் கிட்டில் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். மூக்கைச் சிந்தி, கை கழுவி, பஞ்சுக்குச்சியைச் சுமார் 2 செ.மீ. உள்ளே விட்டு, உட்சுவரில் நன்றாகப் படும்படி சுழற்றுங்கள். அதே குச்சியால் இரண்டு துளையிலும் எடுக்க வேண்டும். பலர் வாசலில் மட்டும் தொட்டுவிட்டு எடுத்துவிடுகிறார்கள். பொய் நெகட்டிவ் வர அதுவே போதும். எத்தனை சொட்டு விடுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பது கிட்டுக்குக் கிட் மாறும், தாளைப் படியுங்கள். கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் 'சி' கோடு வராவிட்டால் டெஸ்ட் செல்லாது. தொற்றைக் காட்டும் 'டி' கோடு மங்கலாகத் தெரிந்தாலும் பாசிட்டிவ்தான். குறித்த நேரம் தாண்டி முளைக்கும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

தொற்றின் தொடக்கத்தில் வைரஸ் குறைவாக இருப்பதால் முதல் டெஸ்ட் ஏமாற்றலாம். 48 மணி நேரம் கழித்து இன்னொன்று எடுங்கள். அறையைப் பகிர்ந்து தங்குபவர்கள் அதுவரை மாஸ்க் போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது நல்லது, குளிர்ந்தாலும்.

அடைப்பைத் திறக்கும் மருந்து ஸ்ப்ரேயைச் சில நாட்களுக்கு மேல் நீட்டினால் அதுவே மூக்கை மறுபடி அடைக்கும். உப்புநீர் ஸ்ப்ரேக்கு அந்தத் தொல்லை இல்லை. மூக்கைக் கழுவுவதானால் கொதிக்கவைத்து ஆறிய நீர் மட்டும், குழாய்நீர் வேண்டாம். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும், தனியாக இன்னொன்று போட்டால் அளவு மீறும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அடைப்பைத் திறக்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பம் வந்தால் உடனே அவசர எண்ணை அழையுங்கள். முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் பாசிட்டிவ் என்றால் அன்றே மருத்துவரிடம் பேசட்டும். கொரோனா வைரஸுக்கு எதிரான பாக்ஸ்லோவிட் போன்ற மாத்திரையை அறிகுறி தொடங்கி 5 நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். அது சில கொழுப்பு, இதய மருந்துகளோடு சேராது. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளின் வணிகப் பெயர் இங்கே புரியாமல் போகலாம், அட்டையில் உள்ள வேதிப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக் கொண்டு போங்கள்.